கால்புரோடெக்டின் டெஸ்டுக்கு வீட்டிலேயே மலம் எடுப்பது எப்படி? இந்தியன் டாய்லெட், ஏற்காட்டிலிருந்து சேலம் லேப்

நாகலூர்க்காரன்

வணக்கம்ங்க. அப்பாவுக்கு 62 வயசு. மூணு மாசமா வயித்துப்போக்கு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை போகுது. சில நாள் சளி சளியா வருது. ரத்தம் கண்ணுக்குத் தெரியலை. எடை நாலு கிலோ குறைஞ்சிருக்கு. சேலத்துல குடல் டாக்டர் பார்த்துட்டு ஃபீக்கல் கால்புரோடெக்டின் எழுதியிருக்கார். லேப்ல மூடியோட கரண்டி வெச்ச டப்பா ஒண்ணு கொடுத்து, "காலையில எடுத்துட்டு வந்துடுங்க"ன்னு சொன்னதோட சரி.

வீட்டுல இந்தியன் டாய்லெட்தான். தண்ணி படாம எப்படிப் பிடிக்கிறது? அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் குந்தி உட்கார முடியாது. எவ்வளவு எடுக்கணும்? தண்ணியா போனா என்ன பண்றது?

நாகலூர்ப் பக்கத்துல இருந்து பஸ் பிடிச்சு, ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஐந்து ரோடு லேப்புக்குப் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆயிடும். அதுக்குள்ள சாம்பிள் கெட்டுப்போகுமா? முந்தின நாளே எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

மாத்திரைன்னு பார்த்தா ஆஸ்பிரின் 75, பேன்டோபிரசோல் 40, முட்டி வலி தாங்கலைன்னா டைக்ளோஃபினாக். வெறும் வயித்துல எடுக்கணுமா?

---

லேப் மேசை

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: வெறும் வயிறு தேவையில்லை. பத்தியமும் இல்லை. கீரை, பீட்ரூட், கறி எது சாப்பிட்டாலும் இந்த டெஸ்டுக்கு ஒண்ணும் ஆகாது. மலத்துல மறைஞ்ச ரத்தம் பார்க்கிற பழைய முறை டெஸ்டுக்குத்தான் கறி, சில காய்கறி எல்லாம் நிறுத்தச் சொல்லுவாங்க. ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கிறவங்க நிறைய.

இது அளக்கிறது வெள்ளை அணுக்கள்ல ஒரு வகையான நியூட்ரோஃபில்லுக்குள்ள இருக்கிற புரதம். அந்தச் செல்லுக்குள்ள கரைஞ்சிருக்கிற புரதத்துல சுமார் 60 சதவீதம் இதுதான். குடல் சுவர்ல புண், அழற்சி இருந்தா நியூட்ரோஃபில்கள் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி மலத்தோட வெளியே வரும். எவ்வளவு வருதோ அவ்வளவு கால்புரோடெக்டின். குடல்ல இருக்கிற நொதிகளாலயும் பாக்டீரியாவாலயும் இது சீக்கிரம் உடையாது. வீட்டுல எடுத்து அனுப்ப முடியறதே அதனாலதான்.

முடிவு வர்றது "ஒரு கிராம் மலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்"னு. தண்ணி படக்கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இந்த "ஒரு கிராமுக்கு"ங்கிற கணக்குதான். பல எலிசா கிட்கள்ல (புரதத்தை அளக்கிற ஒரு வகை டெஸ்ட் பெட்டி) லேப்காரர் 100 மில்லிகிராம் எடை போட்டு, ஐம்பது மடங்கு கரைச்சு, அதுலதான் அளப்பார். அந்த 100 மில்லிகிராம்ல பாதி கழுவுற தண்ணின்னா, 300 வர வேண்டியவருக்கு 150 வரும். டாக்டர் "சும்மா எரிச்சல் குடல்தான்"னு அனுப்பிடவும் வாய்ப்பிருக்கு. டப்பா சுத்தமா இருக்கும், லேபிள் சரியா இருக்கும், மெஷின்லயும் ஒரு பிழையும் இருக்காது. எண் மட்டும் தப்பு. அதை லேப்ல உட்கார்ந்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் எடுக்கிற இடத்துல கவனம் வேணும்.

சிறுநீர் கலந்தாலும் இதே கதை, மலம் நீர்த்துப் போகும். அதோட வயசானவங்களுக்கு மூத்திரத்துல சீழ் செல் இருந்தா அதுவும் நியூட்ரோஃபில்தான். அப்போ எண் ஏறவும் வாய்ப்பிருக்கு.

அளவு: கொண்டைக்கடலை அளவுல மூணு உருண்டைன்னு வெச்சுக்கங்க. மூடியில ஒட்டியிருக்கிற கரண்டியில நிரவலா மூணு நாலு கரண்டி. ஒரே இடத்துல தோண்டாம முன்பகுதி, நடு, கடைசின்னு மூணு இடத்துல எடுங்க. மலம் முழுக்க ஒரே சீரா இருக்காது. 30 மில்லி டப்பான்னா மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பக்கூடாது. இளகலா இருக்கிற மலம் டப்பாவுக்குள்ளயும் புளிச்சு வாயு விடும். முட்ட முட்ட நிரப்பி இறுக்கி மூடினா, லேப்ல திறக்கிறவர் முகத்துக்குத்தான் ஆபத்து.

சளி வந்தா: சளியை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டாம், சளியை ஒதுக்கவும் வேண்டாம். எப்படி வந்திருக்கோ அப்படி. கல்ச்சருக்கோ (கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) அமீபா பார்க்கவோ எடுக்கும்போதுதான் சளி, ரத்தம் இருக்கிற பகுதியைப் பார்த்து எடுக்கணும். அங்கே கிருமியைத் தேடறோம், இங்கே சராசரி அளவைப் பார்க்கிறோம்.

தண்ணியாவே போனா கரண்டியில நிக்காது. பாத்திரத்துல பிடிச்சு, கரண்டியால லேசா கலக்கிட்டு, 5 மில்லி போல டப்பாவுல ஊத்துங்க.

---

அஸ்தம்பட்டி சிஸ்டர்

இந்தியன் டாய்லெட் விஷயத்தை நான் எழுதறேன். லேப்ல கொடுக்கிற அச்சடிச்ச தாள்ல எல்லாம் வெஸ்டர்ன் டாய்லெட் படம்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு ஒட்டுங்கன்னு. நம்ம வீட்டுக்கு அது ஆகாது.

முதல் நாள் ராத்திரியே கிளாசெட்டை வெறும் தண்ணி ஊத்தி நல்லா அலசி விட்டுடுங்க. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் அன்னைக்கு வேண்டாம். காலையில போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தாதீங்க. இந்தப் பழக்கம் நமக்குக் கையிலயே ஊறியிருக்கும், உள்ளே போனதும் கை தானா மக்கைத் தேடும். அதனால மக்கைத் தூக்கி வெளியே வெச்சுடறதுதான் நல்லது.

பிடிக்கிறதுக்கு நம்ம ஊர்ல சுலபமாக் கிடைக்கிற பொருள் பாக்குமட்டைக் கிண்ணம். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் பாக்குத் தோப்பு, சேலத்துல எந்தப் பந்தல் சாமான் கடையிலயும் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவு வாங்காதீங்க. கிளாசெட்டோட பள்ளம் குறுகல், பெரிய தட்டு சாய்ஞ்சுதான் நிக்கும். விளிம்பு உயர்ந்த சின்னது, ஆறு இஞ்ச் அளவு, சமமா உட்காரும். வாங்கினதும் ஒரு தடவை வெச்சுப் பார்த்துடுங்க. வேற வழின்னா கழுவிக் காய வெச்ச அகலமான பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பா. தண்ணியா போறவங்களுக்கு இதுதான் மேல், பாக்குமட்டை ரொம்ப நேரம் தாங்காது.

செய்தித்தாள் விரிக்கச் சொல்வாங்க. கெட்டியா போறவங்களுக்குப் பரவாயில்லை, நாலு மடிப்பு போட்டா போதும். உங்க அப்பாவுக்கு வேண்டாம். காகிதம் தண்ணியை உறிஞ்சிடும், மேல மிச்சம் நிக்கிறது மட்டும் கெட்டியா இருக்கும். லேப் மேசை சொன்ன கணக்கு தலைகீழா மாறி எண் ஏறிடும். டிஷ்யூ பேப்பர்ல வழிச்செடுக்கிறதும் அதே தப்பு. வாழையிலை வழுக்கும், நடுவுல மடங்கும்.

வரிசை இதுதான். முதல்ல மூத்திரம் போயிட்டு, கழுவி, துணியில ஈரம் துடைச்சுட்டு வரணும். கிண்ணத்தைப் பள்ளத்துல பின்பக்கமா தள்ளி வைக்கணும், நடுவுல இல்லை. ஆம்பளைங்களுக்கு மோஷன் போகும்போது மூத்திரமும் கொஞ்சம் வரும். கிண்ணம் பின்னாடி இருந்தா அது முன்னாடி விழுந்துடும். முடிஞ்சதும் கழுவறதுக்கு முன்னாடி கிண்ணத்தை எடுத்து ஓரமா வெச்சுடணும். பெரும்பாலும் சாம்பிள் கெடறது இந்த இடத்துலதான். அடியிலயே கிண்ணம் இருக்க, மேல மக்குத் தண்ணி ஊத்தினா பிடிச்சதெல்லாம் வீண். அப்புறம் நிதானமா கழுவிட்டு வெளியே வரட்டும். டப்பாவுல எடுத்துப் போடறதை நீங்க கையுறை போட்டுச் செஞ்சா அவருக்கு அலைச்சல் இல்லை.

முட்டி வலிக்கு: கமோடு சேர் வாடகைக்குக் கிடைச்சா எடுங்க. அதுல இருக்கிற வாளியை டெட்டால் போட்டுக் கழுவாதீங்க, சோப்புத் தண்ணியில கழுவி, அலசி, காய வெச்சு, உள்ளே புது பிளாஸ்டிக் கவர் விரிச்சுடுங்க. மூத்திரத்துக்குத் தனி பாட்டில். அது கிடைக்கலைன்னா, பின்பக்கம் பிடிச்சுக்க ஒரு உறுதியான முக்காலி அல்லது சுவர்ல கைப்பிடி. ஒரு கையில கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டுக் குந்தச் சொல்லாதீங்க, விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். டெஸ்டை விட அது பெரிய செலவு.

கிண்ணத்துல மிச்சம் இருக்கிற மலத்தைக் கிளாசெட்ல கொட்டுங்க. கிண்ணத்தைப் போடாதீங்க, செப்டிக் டேங்க் குழாய் அடைச்சுக்கும். காகிதத்துல சுத்திக் குப்பைக்கு.

---

குகை நண்பன்

இவ்வளவு சிக்கல் எதுக்கு? முந்தின நாள் எடுத்து ஃப்ரீசர்ல வெச்சுட்டா காலையில நிம்மதியா பஸ் ஏறலாம். அப்படியே கல்ச்சருக்கும் அதுலயே கொடுத்துடலாம்.

---

லேப் மேசை

குகை நண்பரே, ரெண்டும் வேண்டாம்.

ஃப்ரீசர்ல வெச்சா செல்கள் உறைஞ்சு வெடிக்கும். திரும்ப உருகும்போது உள்ளே இருக்கிற புரதம் கூடுதலா வெளியே வரும். லேப்ல மைனஸ் 20-ல உறைய வைக்கிறது உண்டு. அது ஒரே தடவை, எப்போ உருக்கணும்னு தெரிஞ்சு செய்யறது. வீட்டு ஃப்ரீசர்ல வெச்சு, பஸ்ல உருகி, லேப்ல மறுபடி உறைஞ்சா எண்ணை நம்ப முடியாது. கல்ச்சருக்கு வேற டப்பா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல இருக்கணும். அமீபா உயிரோட அசையறதைப் பார்க்கணும்னா ஃப்ரிட்ஜ்லயே வைக்கக்கூடாது, சூடா வரணும். ஃபார்மலின் ஊத்தின டப்பா பூச்சி முட்டை பார்க்கிறதுக்கு, கால்புரோடெக்டினுக்கு ஆகாது. ஒரு மலம், நாலு டெஸ்ட், நாலு விதி. டாக்டர் சீட்டுல எத்தனை டெஸ்ட் எழுதியிருக்காரோ அத்தனை டப்பா கேட்டு வாங்குங்க.

நாகலூர்க்காரருக்கு: ரெண்டரை மணி நேரப் பயணத்துல கால்புரோடெக்டின் கெடாது. அறை வெப்பத்துல 3 நாள் வரைக்கும் தாங்கும்னு பல கிட் கையேடுகள்ல போட்டிருக்கும். ஆனா "அறை வெப்பம்"னா 20லிருந்து 25 டிகிரி. ஏற்காட்டுல உங்க வீட்டு அறை அப்படித்தான் இருக்கும், மே மாச சேலம் அப்படி இல்லை. மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஏறி, அடிவாரத்துல இறங்கும்போது கழட்டுறீங்களே, அந்த மாற்றம் டப்பாவுக்கும் உண்டு. வெயில்ல நிக்கிற கார், இன்ஜின் சூட்டுக்கு மேல இருக்கிற ஸ்கூட்டர் சீட்டுப் பெட்டி, ரெண்டும் வேண்டாம்.

முந்தின நாள் எடுத்து ஃப்ரிட்ஜ்ல 2லிருந்து 8 டிகிரியில வைக்கிறது தாராளமா சரி. கதவுல வைக்காதீங்க, திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். உள்தட்டுல வைங்க. ஜிப் கவர் ரெண்டு போட்டு, அதை வெளியே தெரியாத டப்பாவுக்குள்ள. ஆனா ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள வேண்டாம், வீட்டுல குழந்தைங்க இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

பயணத்துக்குச் சின்ன தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு ஜெல் ஐஸ் பேக். ஐஸ் பேக் டப்பாவை நேரா ஒட்டக்கூடாது, ஒட்டின பக்கம் உறைஞ்சுடும். நடுவுல ரெண்டு மடிப்பு துணி. டப்பா நிமிர்ந்து நிக்கணும். ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள்ள இறக்கி வெச்சா வளைவுல சாயாது. மூடியைச் சுத்தி செல்லோடேப் ஒரு சுத்து.

சிலர் கேட்பாங்க, மலையிலிருந்து இறங்கும்போது காத்தழுத்தம் மாறி டப்பா ஒழுகுமான்னு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், சேலம் முந்நூறுக்கும் கீழே. மேல மூடின டப்பாவைக் கீழே கொண்டு வந்தா வெளியழுத்தம் கூடுது, டப்பா உள்பக்கமா அமுங்கும், ஒழுகாது. சிப்ஸ் பாக்கெட் ஊதறது ஏறும்போதுதான். உங்க திசைக்கு அந்தப் பயம் இல்லை.

சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியே லேபிளை எழுதுங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளியே எடுத்ததும் டப்பா வேர்க்கும், பேனா மை ஓடிடும். மூடியில எழுதாம டப்பாவோட பக்கவாட்டுல எழுதுங்க, மூடி மாறிப்போகும். பேர், வயசு, தேதி, எடுத்த நேரம். நேரம் எழுதாத டப்பாவை சில லேப்ல திருப்பிடுவாங்க.

இன்னொண்ணு, பல லேப்கள்ல இந்த டெஸ்டை இங்கேயே போடறதில்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவாங்க. சனிக்கிழமை மத்தியானம் கொடுத்தா திங்கட்கிழமை வரைக்கும் சும்மா இருக்கும். திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள கொடுங்க. கூரியர் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு போன்ல கேட்டுட்டு பஸ் ஏறுங்க.

---

மருந்துக்கடை, கொண்டலாம்பட்டி

எல்லாரும் கரண்டி, கிண்ணம்னு பேசறாங்க. என்னைக் கேட்டா, மாத்திரைச் சீட்டுதான் முதல்ல பார்க்க வேண்டியது.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் குடல் சுவரையே புண்ணாக்கும். அழற்சி நோய் இல்லாதவங்களுக்குக் கூட கால்புரோடெக்டின் ஏறும். டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நிறுத்தி இருக்கிறது நல்லது. "வேணும்போது மட்டும்தானே"ன்னு விடாதீங்க, போன வாரம் நாலு மாத்திரை போட்டிருந்தா அதுவும் கணக்கு. வலிக்கு பாராசிட்டமால் போதுமான்னு டாக்டரைக் கேளுங்க. மருந்துக்கடையில "முட்டி வலிக்கு ஒரு மாத்திரை"ன்னு பேர் சொல்லாம வாங்கினதும் பெரும்பாலும் இந்த வகைதான். அட்டையை எடுத்துப் பாருங்க, பாராசிட்டமால்னு பெருசா போட்டு கீழே அசிக்ளோஃபினாக் சேர்ந்திருக்கும்.

ஆஸ்பிரின் 75 எதுக்குக் கொடுத்திருக்காங்க? இதயத்துக்கு, ஸ்டென்ட்டுக்குன்னா நீங்களா ஒரு நாளும் நிறுத்தாதீங்க. டெஸ்ட் எண் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, ஆஸ்பிரின் எடுக்கிறார்னு சீட்டுல எழுதிக் கொடுங்க. டாக்டர் அதை வெச்சு எண்ணைப் பார்த்துப்பார்.

பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகையும் எண்ணை ஏத்தறது உண்டு. நிறுத்தணுமா, எத்தனை நாள்னு எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லட்டும். ஆஸ்பிரினோட சேர்த்து வயித்தைக் காக்கிறதுக்காகக் கொடுத்திருந்தா யோசிச்சுத்தான் நிறுத்தணும்.

இரும்புச் சத்து மாத்திரையால மலம் கறுத்தா பயம் வேண்டாம், இந்த அளவு மாறாது. போன வாரம் காய்ச்சலோட பேதி வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா தள்ளிப்போடுங்க, கிருமித் தொற்றுலயும் இது எகிறும். ஏற்கெனவே குடல் அழற்சிக்கு மெசலமைன் எடுக்கிறவங்க அதை நிறுத்தக் கூடாது, மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கிறதுதான் அவங்களுக்கு டெஸ்டே.

இனிமா, பேதி மருந்து, விளக்கெண்ணெய் கொடுத்து வரவழைக்கிற வேலை வேண்டாம். கொலனாஸ்கோப்பி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது) தேதி கொடுத்திருந்தா, குடலைச் சுத்தம் பண்ற பவுடரைக் கரைச்சுக் குடிக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்துடணும். மூலத்துல ரத்தம் வடியற நாள், பெண்களுக்கு மாதவிலக்கு நாள், ரெண்டும் தவிர்க்கணும். ரத்தத்துலயும் நியூட்ரோஃபில் இருக்கு.

---

நாகலூர்க்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆஸ்பிரின் ஸ்டென்ட்டுக்காகத்தான், அதைத் தொடமாட்டோம். டைக்ளோஃபினாக் பத்தி டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், ரெண்டு வாரம் நிறுத்திட்டு அப்புறம் எடுங்கன்னுட்டார்.

இன்னும் ரெண்டு சந்தேகம். அப்பாவுக்கு விடியக்காலை நாலு மணிக்கே முதல் தடவை போகும். அதை எடுக்கணுமா, ஏழு மணிக்கு ரெண்டாவதா போறதை எடுக்கலாமா? அப்புறம் லேப்ல இன்னொருத்தர் "டப்பா வேண்டாம், குச்சி வெச்ச டியூப் தர்றோம், வீட்டுலயே தொட்டுப் போட்டுக் கொண்டாங்க"ங்கறார். எது நல்லது?

---

லேப் மேசை

நாலு மணிக்குப் போறதையே எடுங்க. ராத்திரி முழுக்கக் குடல்ல தங்கினது அது. குடல்ல தங்கற நேரம் கூடினா அளவும் கூடி, நிலையா இருக்கும். ஏழு மணி, ஒன்பது மணின்னு அடுத்தடுத்துப் போறது தண்ணியா இருக்கும், ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல எண் பாதியாக் கூட இறங்கும். அடுத்த தடவை டெஸ்ட் எடுக்கும்போதும் இதே மாதிரி முதல் மோஷன், இதே லேப், இதே முறைன்னு வெச்சுக்கங்க. ஒரு கம்பெனி கிட்ல 200 வர்றது இன்னொண்ணுல 350 வரலாம். ரெண்டு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்துல வெச்சு "குறைஞ்சிருக்கு, ஏறியிருக்கு"ன்னு பேசறதுல அர்த்தமில்லை.

டியூப் பத்தி. அதுக்குள்ள கரைசல் இருக்கும், மூடியோட ஒரு குச்சி, குச்சி நுனியில மரையாணி மாதிரி வரி வரியா பள்ளம். அந்தப் பள்ளத்துல நிக்கிற மலம்தான் அளவு, பொதுவா 10 மில்லிகிராம் போல. குச்சியை மூணு நாலு இடத்துல குத்தித் திருப்பி எடுத்தா பள்ளம் நிரம்பும். திரும்ப டியூப்ல செருகும்போது வாயில இருக்கிற குறுகலான வளையம் வெளியே ஒட்டின மிச்சத்தை வழிச்சு விட்டுடும். கையில வழிக்க வேண்டாம். ஒரே தடவைதான் செருகணும். "கம்மியா இருக்கோ"ன்னு மறுபடி தொட்டுச் செருகினா அளவு ரெட்டிப்பு, எண்ணும் ரெட்டிப்பு. உள்ளே இருக்கிற கரைசலைக் கொட்டிட்டு "காலி பண்ணிக் கொடுத்தோம்"னு வர்றவங்களும் உண்டு. அதைத் தொடக்கூடாது. செருகி மூடி 'டக்'குன்னு பூட்டினதும் நல்லா குலுக்கி விடுங்க.

கெட்டியா, களிமண் பதத்துல போறவங்களுக்கு டியூப் நல்லது, லேப்ல எடை போடற வேலையே இல்லை. உங்க அப்பாவுக்கு டப்பாதான். இளகலா இருந்தா பள்ளத்துல நிக்காம வழிஞ்சுடும், எண் பொய்யா கம்மியா வரும். "பேஷன்ட்டுக்கு லூஸ் மோஷன், டப்பாவுலயே தர்றோம்"னு சொல்லுங்க, புரிஞ்சுப்பாங்க.

---

அஸ்தம்பட்டி சிஸ்டர்

நாலு மணிக்கு அரைத் தூக்கத்துல மக்கைத் தேடிப் போயிடுவார். முதல் நாள் ராத்திரி படுக்கும்போதே மக்கை எடுத்து உங்க ரூம்ல வெச்சுடுங்க. கிண்ணம், டப்பா, கையுறை, கவர் எல்லாம் டாய்லெட் வாசல்ல ஒரு தட்டுல. டார்ச் ஒண்ணு. எழுந்தா உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க.

ஒரு தடவை தப்பா ஆயிடுச்சுன்னா, தண்ணி பட்டுடுச்சுன்னா, அதையே கொண்டு போகாதீங்க. இன்னொரு நாள் எடுங்க. ஆயிரக்கணக்குல காசு கட்டற டெஸ்ட். கட்டறதுக்கு முன்னாடி எத்தனை தடவை வீணானாலும் நஷ்டம் ஒரு பாக்குமட்டைக் கிண்ணம்தான்.

---

நாகலூர்க்காரன்

சரிங்க சிஸ்டர். ரிப்போர்ட் வந்தா எப்படிப் பார்க்கிறதுன்னு யாராவது சொல்ல முடியுமா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மனசு பதறும்.

---

லேப் மேசை

பெரியவங்களுக்குப் பொதுவா 50-க்குக் கீழே இருந்தா குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. 250-க்கு மேல போனா உள்ளே அழற்சி நடக்குதுன்னு எடுத்துக்குவாங்க. நடுவுல வர்றதுதான் தொல்லை. அறுபதைத் தாண்டினவங்களுக்கு, எடை கூடினவங்களுக்கு, வலி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு எல்லாம் நூறு, நூத்தைம்பது சும்மாவே வரலாம். ரெண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள்ள மறுபடி எடுத்துப் பார்ப்பாங்க. சில ரிப்போர்ட்ல மில்லிகிராம்/கிலோன்னு இருக்கும். மைக்ரோகிராம்/கிராமும் அதுவும் ஒண்ணுதான், எண்ணை மாத்த வேண்டாம். நாலு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது, அவங்களுக்கு இயல்பாவே கூடுதல்.

எண் கூடுதலா வந்தா க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்னு (குடல் அழற்சி நோயோட ரெண்டு வகை) உடனே கூகுள் பண்ணாதீங்க. இந்த எண் அழற்சி இருக்குன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது. நம்ம நாட்டுல குடல் காசநோய் ஒரு பெரிய காரணம். அதுலயும் இதே மாதிரிதான் ஏறும், க்ரோன்ஸையும் அதையும் இந்த டெஸ்ட் பிரிச்சுக் காட்டாது. அதுக்கு கொலனாஸ்கோப்பி பண்ணி, சதை எடுத்து, மைக்ரோஸ்கோப்புல பார்த்து, காசநோய்க் கிருமிக்கும் சோதிக்கணும்.

---

மருந்துக்கடை, கொண்டலாம்பட்டி

லேப் மேசை விட்ட ஒண்ணு. எண் 30 வந்தாலும் கொலனாஸ்கோப்பி வேண்டாம்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. அறுபது தாண்டின ஆள், மூணு மாசமா போக்கு மாறியிருக்கு, நாலு கிலோ எடை குறைஞ்சிருக்கு. இப்படிப்பட்டவங்களுக்கு கால்புரோடெக்டின் சரியா இருந்தாலும் புற்றுநோய் இல்லைன்னு அர்த்தமில்லை, அதுக்கான டெஸ்ட் இது இல்லை. டாக்டர்கிட்ட எடை விஷயத்தைச் சொல்லியிருக்கீங்களா? மாத்திரைக்காக ரெண்டு வாரம் காத்திருக்கும்போது இதையும் போன்ல சொல்லிடுங்க. காத்திருக்க வேண்டாம்னு அவர் சொன்னாலும் சொல்லுவார்.

---

நாகலூர்க்காரன்

எடை குறைஞ்சதைச் சொல்லலைங்க, அன்னைக்கு அப்பாவே "பழைய வேட்டிதான் லூஸா இருக்கு"ன்னு மழுப்பிட்டார். இன்னைக்கே போன் பண்றேன். பாக்குமட்டைக் கிண்ணம் ஆறு இஞ்ச்ல பத்து வாங்கி வெச்சாச்சு.